பள்ளிக்கூடத்துச் சுவரில் நிற்பது என் மாடு

எனக்கு எழுபத்து நான்கு வயது. வளர்த்தது ஏழு. பெற்றது ஐந்துதான், மற்ற இரண்டும் என் ஓரகத்தி பெற்றவை. அவள் பெற்றாள், பஸ் ஏறிப் பள்ளிக்கூடத்துக்குப் போனாள். நான் வளர்த்தேன். இதை முதலிலேயே எழுதிவிடுகிறேன். பின்னால் எழுதினால் சண்டைக்குச் சொல்கிறாள் என்பார்கள்.

ஓரகத்தி என்றால் என் வீட்டுக்காரரின் தம்பி மனைவி. உத்தமபாளையத்துப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் டிராயிங் டீச்சராக இருந்து ரிட்டையர் ஆனவள். வீடு ஒன்றுதான். கீழே நாங்கள், மாடியில் அவர்கள். ஆடு மாடு, குருவி கொக்கு, மலை மரம் இவற்றைத்தான் வரைவாள். மனுசரை வரையமாட்டாள். ஏன் என்று கேட்டால், "மனுசங்க மூஞ்சிய மாத்தி வச்சுக்கிட்டு ஒக்காருவாக. மாடு அப்பிடிச் செய்யாது" என்பாள். இப்படி ஒன்றைச் சொல்லிவிட்டு அவள் பாட்டுக்கு மாடி ஏறிவிடுவாள். கேட்டவர்கள் அதை நாலு நாள் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிவார்கள். நானும் இந்த ஊரில் வாழ்க்கைப்பட்ட நாளிலிருந்து பேசுகிறேன். நான் பேசியதை ஒருத்தரும் திருப்பிச் சொல்லி நான் கேட்டதில்லை.

நான் ரெண்டாம் வகுப்போடு நின்றவள். பஸ் போர்டு படிப்பேன், கல்யாணப் பத்திரிகையில் பெயர் தேடிப் படிப்பேன். எழுதுவது அதைவிடக் கஷ்டம். ஒரு பக்கம் எழுத ரெண்டு நாள் ஆகிறது. அவளைப் பற்றிப் பேப்பரில் மூன்று தரம் வந்துவிட்டது. என்னைப் பற்றி யார் எழுதப் போகிறார்கள்? நானேதான் எழுத வேண்டும்.

படிப்பு இல்லையே தவிர, எனக்கு மாடு தெரியும். பிறந்தது ஆண்டிபட்டிப் பக்கம். அய்யா மாட்டுத் தரகர். மாடு வாங்குகிறவன் பல்லைப் பார்ப்பான், நடையைப் பார்ப்பான். கடைசியில் சுழி பார்ப்பான். மாட்டு மயிர் ஓர் இடத்தில் சுற்றிச் சுற்றி நிற்கும், அதுதான் சுழி. நெற்றியில் இருந்தால் ஒன்று, முதுகில் இருந்தால் ஒன்று. நல்ல சுழி இருந்தால் வீடு நிறையும். வால் முளைக்கிற இடத்துக்குப் பக்கத்தில் இருந்தால் அது துடைப்பச் சுழி. வீட்டில் உள்ளதை எல்லாம் கூட்டி வாசலுக்குத் தள்ளிவிடும். அந்த மாட்டை எந்தச் சம்சாரியும் வாங்கமாட்டான், சும்மா கொடுத்தாலும் கயிற்றைத் தொடமாட்டான். இதெல்லாம் நான் நடக்கத் தெரிந்த நாளிலிருந்து கேட்டது. கம்பம் பக்கம் வாழ்க்கைப்பட்டு வந்த பிறகு, மாடு வாங்கப் போகிற ஆம்பளைகளே என்னைக் கூட்டிப்போய்க் காட்டியிருக்கிறார்கள். அது எனக்கு ஒரு பெருமை. இருக்கக்கூடாதா?

அவளுக்கு இருக்கிற பெருமையில் இது கால்வாசி கூட இல்லை. ஒரு தரம் பேப்பர்க்காரர் ஒருத்தர் மாடிக்கு வந்திருந்தார். அவளுடைய மகன், நான் வளர்த்தவன், ஊரிலிருந்து வந்திருந்தான். "எங்கம்மாட்ட இருந்துதான் சார் எனக்குப் பொறுமை வந்துச்சு" என்று சொல்கிறான். நான் அந்நேரம் காப்பி டம்ளரோடு படியில் ஏறிக்கொண்டிருக்கிறேன். பொறுமையாம். கக்குவான் வந்து இவன் ராத்திரியும் பகலும் இருமியபோது யார் தோளில் கிடந்தான்? நான் காப்பியை வைத்துவிட்டு வந்தேன். சர்க்கரை போடவில்லை. வேண்டுமென்றேதான் போடவில்லை.

இனி மாட்டுக்கு வருகிறேன். அது மலைமாடு. செவலை, நெற்றியில் மட்டும் கொஞ்சம் வெள்ளை. கன்றாக வந்ததிலிருந்து பதினோரு வருஷம் என் கையில்தான் தண்ணீர் குடித்தது. வேறு ஆள் பின்பக்கம் போனால் உதைத்துவிடும். என் மகன்களையே உதைத்திருக்கிறது. நான் போனால் காலை விலக்கி நிற்கும்.

எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் ரோட்டைப் பார்த்த சுவர் ஒன்று வெறுமனே கிடந்தது. அதில் நம்ம பக்கத்து உயிர்களை எல்லாம் வரைந்து தரவேண்டும் என்று ஓரகத்தியைக் கேட்டார்கள். மேலே மலை, மலையில் யானை, மந்தி, இருவாச்சிப் பறவை. கீழே திராட்சைப் பந்தல். நடுவில் ஒரு மாடு. மாட்டுக்கு அவள் என் மாட்டைக் கேட்டாள்.

"அக்கா, நம்ம செவலையத்தான் நடுவுல நிப்பாட்டப் போறேன்."

எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. பொய் சொல்லக்கூடாது. மாட்டைக் குளிப்பாட்டி, கொம்புக்கு எண்ணெய் தடவி நிறுத்தினேன். அவள் ஒரு பிளாஸ்டிக் சேரைப் போட்டுக்கொண்டு நோட்டோடு உட்கார்ந்தாள். முதல் நாள் ரெண்டு பேர் எட்டிப் பார்த்தார்கள். மூன்றாம் நாள் மாட்டுக்கொட்டம் நிறைய ஆள். மாடு அசை போட்டால்கூட, "அங்கன பாரு, அங்கன பாரு" என்கிறார்கள். பதினோரு வருஷம் நான் அதற்குச் சாணி அள்ளினேன், பிரசவம் பார்த்தேன். அப்போது ஒரு ஆள் வந்து நின்றதில்லை. கிழக்குத் தெருக்காரி ஒருத்தி, தினமும் என்னிடம் மோர் வாங்கிப் போகிறவள், சொல்கிறாள்:

"டீச்சர் வரையப்போயித்தானே தெரியுது, இந்த மாடு இம்புட்டு அழகுன்னு!"

அந்தப் பேச்சு என் வயிற்றில் போய் உட்கார்ந்துகொண்டது. அன்றைக்கு நான் சோறு சாப்பிடவில்லை.

மறுநாள் கூட்டம் கலைந்த பிறகு ஓரகத்தி நோட்டை வைத்துக்கொண்டு என்னிடம் வந்தாள்.

"அக்கா, பின்பக்கம் கிட்டப் போக விடமாட்டேங்குது. சுழி எங்கெங்க இருக்குன்னு சொல்லுங்க, எழுதிக்கிறேன். தப்பாப் போட்டா நம்ம ஊர்க்காரக விடமாட்டாக."

"நெத்தியில ஒண்ணு. திமிலுக்குப் பின்னாடி ஒண்ணு."

"அம்புட்டுத்தானா?"

அம்புட்டுத்தான். ஆமாம் என்று சொல்லிவிட்டுக் கழுநீரை ஊற்றப் போயிருக்கலாம். நான் மாட்டைப் பார்த்தேன். அது என்னைப் பார்த்தது.

"வாலு மொளைக்கிற எடத்துல, வலது தொடைப்பக்கம் ஒண்ணு" என்றேன்.

அவள் எழுதிக்கொண்டாள். துடைப்பச் சுழி என்று ஒன்று இருப்பதே அவளுக்குத் தெரியாது. மாட்டின் கண் எத்தனை நிறம் என்று தெரியும், இது தெரியாது. எனக்கு வேண்டியது ஒன்றுதான். சுவரைப் பார்க்கிறவர்கள் சிரிக்க வேண்டும். "நல்ல மாட்டுல கொண்டுபோயித் தொடப்பச் சுழியப் போட்டிருக்கா பாரு, இவளுக்கு மாட்டப் பத்தி என்ன தெரியும்?" என்று நாலு பேர் கேட்க வேண்டும். ஒரே ஒரு நாள் கேட்டால் போதும் என்று நினைத்தேன்.

சுவர் முடிவதற்குள் மழைக்காலம் வந்துவிட்டது. மாடு ஒரு காளைக்கன்று போட்டது. போட்ட பத்தாம் நாள் மாட்டுக்குக் காய்ச்சல் கண்டது. டாக்டர் வந்து ஊசி போட்டார். காய்ச்சல் நிற்கவில்லை. செத்துப்போனது. அது செத்ததைப் பற்றி நான் எழுதமாட்டேன்.

கன்றுக்குப் புட்டியில் பால் கொடுத்தேன். மூன்று நாள் குடிக்கவில்லை. குடித்துப் பிழைத்தால் கோயிலுக்கு விட்டுவிடுகிறேன் என்று சாமிக்கு நேர்ந்துகொண்டேன். நாலாம் நாள் குடித்தது. கோயில் காளை என்றால் எங்கள் பக்கத்தில் அது மாடு இல்லை, சாமி. அதன் காலைத் தொட்டுக் கும்பிடுவார்கள். பொங்கலுக்கு அதுதான் முன்னால் போகும். என் வீட்டுக் கன்று அப்படிப் போக வேண்டும் என்று ஒரே நினைப்பு. அதில் சுழிப் பேச்சு எனக்கு மறந்தே போனது.

சுவர் முடிந்து கூப்பிட்டார்கள். போனேன். என் மாடு நிற்கிறது. ஈரமூக்கு, காதுக்குள் இருக்கிற மயிர், இடது கொம்பின் நுனியில் இருந்த கீறல், ஒன்று விடவில்லை. எல்லோர் முன்னாலும் அழுதுவிட்டேன். அழுதுகொண்டே வால் பக்கம் பார்த்தால், அங்கன இருக்கிறது சுழி. ஒவ்வொரு மயிராகச் சுற்றிச் சுற்றி வரைந்திருக்கிறாள்.

ஒருத்தரும் சிரிக்கவில்லை. அதுதான் நான் நினைத்துப் பார்க்காதது. டீச்சர் போட்டால் சரியாகத்தான் இருக்கும் என்று நம்பிவிட்டார்கள். உயிரோடு இருந்தபோது பின்பக்கம் போய்ப் பார்த்தவர்களும் யாரும் இல்லை. மோர் வாங்குகிறவள் என் தோளைப் பிடித்து நிறுத்தினாள்.

"ஏ மதினி, தொடப்பச் சுழி மாட்டையா இத்தன வருசம் வீட்டுல கட்டியிருந்த? அதான் ஒன் மூத்தவனுக்குப் போடியில ஏலக்கா யாவாரம் நெலைக்கல! சுழி பாக்குறவ வீட்டுலயே இப்பிடியா?"

வாயைத் திறந்தால் என்ன சொல்வது? வெட்டிய குழியில் நானே நின்றுகொண்டிருந்தேன். மாடும் இல்லை, கூட்டிவந்து காட்டுவதற்கு. பேசாமல் வீட்டுக்கு வந்துவிட்டேன். பேசாமலே ரெண்டு வருஷம் போனது.

கன்று காளையானது. அப்பனைப் போல் நெஞ்சு, அம்மாவைப் போல் கண். கோயில் பெரியவர்கள் நாலு பேர் பார்க்க வந்தார்கள். அதில் மூத்தவர் ஒருத்தர், ஒல்லியாக இருப்பார், சுழி பார்ப்பதில் என் அய்யாவுக்குச் சமம். காளையின் நெற்றியிலிருந்து வால் வரைக்கும் கையை வைத்துத் தடவிப் பார்த்தார். நான் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"கன்னுல ஒரு குத்தமும் இல்ல. ராசாக் கணக்கா இருக்கு" என்றார். பிறகு கையைத் துண்டில் துடைத்துக்கொண்டார். "ஆனா தாய் சரியில்லையேத்தா. தாய்க்குத் தொடப்பச் சுழி. சாமிக்கு எப்பிடி விடுறது?"

"யாரு சொன்னா?" என்றேன்.

"பள்ளிக்கூடத்துச் செவுத்துல நிக்குதே. ஊரே பாக்குதே."

அப்போது என் வாயில் வந்ததை அப்படியே எழுதுகிறேன். "அவளுக்கு என்ன தெரியும்? கண்ணு மங்கிப்போயி எங்கனயோ பாத்து எதையோ போட்டுட்டா. எம் மாட்டுக்கு அப்பிடிச் சுழியே கெடையாது" என்றேன்.

பெரியவருக்கு நம்பிக்கை வரவில்லை. "டீச்சரு குருவி றெக்கையையே எண்ணிப் போடுறவக. அவுகளக் கூப்பிடுங்க, கேப்போம்."

என் பேத்தி மாடிக்கு ஓடினாள். அவள் அங்கேதான் சனிக்கிழமை தோறும் படம் வரையப் படித்தாள். ஓரகத்தி இறங்கி வந்தாள். கையெல்லாம் பச்சைச் சாயம். பெரியவர் கேட்டார்:

"டீச்சரம்மா, செவுத்துல மாட்டுக்கு வாலுகிட்ட ஒரு சுழி போட்டிருக்கீகளே. அது நீங்க கண்ணால பாத்துப் போட்டதா?"

அவள் என்னைப் பார்த்தாள். நோட்டு மேலே இருக்கிறது. அக்கா சொன்னது என்று தலைப்புப் போட்டு எழுதியிருந்ததை நான் அன்றைக்கே பார்த்தேன். அதை எடுத்து வந்து காட்டினால் போதும். என் மானம், நேர்ச்சை, சுழி பார்க்கத் தெரிந்தவள் என்ற பெயர், மூன்றும் அந்த ஒரு தாளில் போய்விடும். நான் அவள் இடத்தில் இருந்திருந்தால் காட்டியிருப்பேன். ரெண்டு படியாகத் தாவி ஏறிப் போய் எடுத்து வந்திருப்பேன்.

"பாக்கலய்யா" என்றாள். "மாடு கிட்ட விடல. நானாத்தான் போட்டேன். எந் தப்பு."

"நெசமாவா?"

"நெசந்தான். நாளைக்கே அழிச்சிடுறேன்."

பெரியவர்கள் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொண்டார்கள். மூத்தவர் சிரித்தார். "தப்ப ஒத்துக்கிறதுக்கும் பெரிய மனசு வேணுமுல்ல! படிச்சவக படிச்சவகதான்" என்றார். காளையை ஏற்றுக்கொண்டார்கள். எனக்கு வேண்டியது கிடைத்துவிட்டது. ஆனால் அந்தப் பெரிய மனசு என்கிற பேச்சும் அவளுக்கே போனது, பாருங்கள். என் கொட்டத்தில், என் காளைக்கு முன்னால் வைத்து. வயிறு எரிந்தது. காப்பாற்றியவள் மேல் வயிறு எரியுமா என்றால், எரியும். அதிகமாகவே எரியும்.

மறுநாள் காலையில் சாய டப்பாவோடு கீழே வந்தாள். "வாங்க, எங்கன அழிக்கணுமின்னு காட்டுங்க" என்றாள். அவளுக்கா தெரியாது? போனேன். பள்ளிக்கூடம் லீவு, சுவருக்குப் பக்கத்தில் யாரும் இல்லை. அவள் செவலை நிறத்தைக் குழைத்துச் சுழி மேல் பூசினாள். பூசி முடிக்கிற வரைக்கும் திரும்பவில்லை.

"ஏங்க்கா?" என்றாள், சுவரைப் பார்த்தபடி.

பொய் சொல்லி அலுத்துப்போயிருந்தது எனக்கு. "நீ எதத் தொட்டாலும் ஆளுக வந்து பாக்குறாக. நான் வளத்த மாட்டையும் நீ வரஞ்சப்புறந்தான் பாத்தாக" என்றேன்.

அவள் தூரிகையைத் துணியில் துடைத்தாள். "எம் பிள்ளைக ரெண்டும் காச்சல்ல கெடந்தப்ப யாரக் கூப்பிட்டுச்சுக தெரியுமா? பெரியம்மா, பெரியம்மான்னுதான். நான் பக்கத்துல ஒக்காந்து கேட்டுக்கிட்டிருந்தேன். நான் என்னைக்காவது ஒங்க சோத்துல மண்ணப் போட்டேனா?"

நான் கீழே கிடந்த டப்பா மூடியை எடுத்து அவள் கையில் கொடுத்தேன்.

"ஒங்களுக்காக அப்பிடிச் சொன்னேன்னு நெனைக்காதீக. அந்தக் கன்னு என்ன பாவம் பண்ணுச்சு? அதுக்காகச் சொன்னேன்" என்று டப்பாவை மூடினாள். வீட்டுக்கு வருகிற வழி முழுக்க என்னை விட்டு நாலடி முன்னாலேயே நடந்தாள்.

அதோடு முடிந்தது என்று நினைத்தேன். முடியவில்லை. சுழி அழிந்த இடம் கொஞ்சம் புது நிறமாக, தனியாகத் தெரிந்தது. போகிறவர் வருகிறவர் எல்லாம் அதைக் காட்டிப் பேச ஆரம்பித்தார்கள். டீக்கடையில் இருந்து ஒருத்தன் கூவுகிறான்: "டீச்சர், யானைக்குக் காலு நாலுதானா, நல்லா எண்ணிப் பாத்தீகளா?" படம் படிக்க வருகிற பிள்ளைகளே சிரிக்கிறதுகள். நான் அன்றைக்கு ஆசைப்பட்டது இதைத்தான். அதுவும் ஒரு நாள் இல்லை, மாசக்கணக்கில் கேட்டேன். முதல் கொஞ்ச நாள் எனக்கு இனிப்பாகத்தான் இருந்தது. அதையும் மறைக்கவில்லை.

பக்கத்து ஊரில் கோயில் மண்டபச் சுவருக்குப் படம் வரைய ஆள் தேடினார்கள். நூறு மாடு ஒன்றாக மேய்ச்சலுக்கு மலை ஏறுகிற படம். இவளைத்தான் கேட்பதாக இருந்தது. இவளும் நாலு மாதமாக மலையடிவாரத்துக்குப் போய்ப் போய் மாடுகளை நோட்டில் வரைந்து வைத்திருந்தாள். கடைசியில், போன மாதம், ஆள் வந்து வாசலிலேயே நின்று சொல்லிவிட்டுப் போனார். "கோயில் சமாச்சாரம் பாருங்க டீச்சர். சுழி கிழி தப்பாப் போயிட்டா ஊருக்கு ஆகாதுங்கிறாக. மதுரையில இருந்து வேற ஆளக் கூட்டியாறோம்."

"சரிங்க" என்றாள்.

அந்த வாரம் சனிக்கிழமை படம் படிக்க வந்த பிள்ளைகளைத் திருப்பி அனுப்பிவிட்டாள். அடுத்த சனிக்கிழமையும் அனுப்பினாள். பேத்தி வந்து, "அப்பத்தா, டீச்சர் ஆச்சி நோட்டெல்லாம் கட்டிப் பரணுல போட்டுட்டாக" என்றாள். எழுபது வயதை நெருங்குகிறவள். இனி எடுப்பாளா என்று தெரியாது. அவள் வரைவது எனக்குப் பொறுக்காது என்பது உண்மை. அவள் வரையாமல் மாடியில் சும்மா நடக்கிற சத்தம் அதைவிடப் பொறுக்கவில்லை.

அதனால்தான் இதை எழுதினேன். நாளை வெள்ளிக்கிழமை, கோயிலில் பெரியவர்கள் கூடுவார்கள். பக்கத்து ஊர்க்காரர்களும் வருவார்கள். மதுரை ஆளுக்கு இன்னும் வெற்றிலை பாக்கு வைக்கவில்லை என்று கேள்விப்பட்டேன். நான் எழுந்து நின்று பேசினால் பாதியில் எனக்குச் சாதகமாகத் திருப்பிவிடுவேன். என்னை எனக்குத் தெரியும். எழுதியதைத் திருப்ப முடியாது. அந்த மாட்டுக்கு நெற்றியில் ஒரு சுழி, திமிலுக்குப் பின்னால் ஒரு சுழி, வேறு சுழி இல்லை. இல்லாத சுழியைச் சொன்னது நான். அவள் கேட்டதை எழுதிக்கொண்டாள். அவள் கண்ணில் குற்றம் இல்லை, கையிலும் இல்லை. காளைக்கும் இதனால் பங்கம் இல்லை. வேண்டுமானால் என்னை ஏசிக்கொள்ளட்டும். சுழி பார்க்க இனி என்னைக் கூப்பிட வேண்டாம்.

ஏத்தா, இங்கன வா. ஒன் டீச்சர் ஆச்சிகிட்ட இப்பச் சொல்லாத. நாளைக்குக் கோயில்ல நீதான் இதப் படிக்கணும், எனக்குக் கொரலு நடுங்கும். அதுக்கு முன்னாடி எனக்கு ஒருக்கா படிச்சுக் காட்டு. எழுத்து தப்பா இருந்தா திருத்திக்க. அவள ரொம்ப நல்லவன்னு எங்கயாவது எழுதியிருந்தா அத மட்டும் அடிச்சிரு, மத்தத அப்பிடியே விடு. ம், படி. மெதுவாப் படி.